வ்ரிஸ்ட், க்னைஃப், டௌப்ட்

தமிழ்நாட்டில் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லப்படும் வேடிக்கைக் கதைகளில் இரண்டே இனத்தார் வருவார்கள்: பேசத் தெரிந்தவர், பேசத் தெரியாதவர். எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்திருந்தும் அதன் ஒலியைக் கேட்க வாய்க்காதவளுக்கு அந்தக் கதைகளில் இடமே கிடையாது. அவள் பெயர் பேச்சியம்மாள்; விக்கிரமசிங்கபுரத்துக்காரி; ஆங்கில இலக்கியத்தில் முனைவர்; வயது முப்பத்தொன்பது. ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறையில் இருந்த ஒரே நிரந்தர இடத்துக்கான நேர்முகத் தேர்வன்று, முதல்வர் அறைக்கு வெளியே அவள் காத்திருந்த முற்பகல் இது. அவளே பேசட்டும்.

பெஞ்சு மூன்று பேருக்குப் போதும். இருப்பது நானும் இந்தப் பெண்ணும்தான். எங்கள் சான்றிதழ் உறைகள் இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நாங்கள் காட்டத் தயங்கும் நட்பை எங்களுக்குப் பதிலாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன. கதவின் அடியிலிருந்து ஏசிக் காற்று கசிந்து கணுக்காலைத் தொடுகிறது, உள்ளே ஒருவர் சிரிக்கிறார், நாற்காலி இழுபடுகிறது, மறுபடி சிரிப்பு. உள்ளே போயிருப்பவன் சிரிக்க வைக்கத் தெரிந்தவன். எனக்கும் தெரியும், நான் நினைக்காத நேரத்தில் அது நடந்துவிடுகிறது என்பதுதான் குறை. மணிக்கட்டில் நாடி துடிப்பது தெரிகிறது. மணிக்கட்டு, வ்ரிஸ்ட், டபிள்யூ ஆர் ஐ எஸ் டி, ஐந்தெழுத்து, முதலெழுத்து ஊமை. பயம் வந்தால் நான் ஐந்தெழுத்துச் சொற்களைச் சொல்வேன். அம்மாவும் பயம் வந்தால் ஐந்தெழுத்துத்தான் சொல்வாள். அவளுக்கு நமசிவாய என்ற ஒன்றே போதும், எனக்கோ ஊமையெழுத்துகளோடு ஒரு பெருங்கூட்டமே வந்தாக வேண்டும். வ்ரிஸ்ட், வ்ராங், வ்ரைட், வ்ரெக், இது ஒரு குடும்பம். க்னைஃப், க்னீல், க்னாக், இது அடுத்த வீடு. தம்ப், க்ளைம்ப், க்ரம்ப், இவர்கள் கடைசியில் ஒரு பி-யை வைத்துக்கொண்டு வாய் திறக்காதவர்கள். உலகம் ரிஸ்ட் என்கிறது, நைஃப் என்கிறது, தம் என்கிறது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன். உள்ளே மட்டும் எல்லா எழுத்தும் ஒலிக்கும். ஏழாம் வகுப்பில் ராஜகனி டீச்சர் எங்களைக் கூட்டமாகக் கத்த வைத்தார்: வெட்-நெஸ்-டே. புதன்கிழமைக்கு ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை விட்ட ஒருத்தியைக்கூட அந்தப் பள்ளியில் நான் பார்த்ததில்லை. புதன்கிழமையைச் சரியாகச் சொன்ன ஒருத்தியையும் பார்த்ததில்லை. தமிழில் படித்தவளுக்கு இது இயல்பான தப்பு, சொல்லப்போனால் நாகரிகமான தப்பு. எழுதியதைச் சொல்லாமல் விடுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. குற்றியலுகரம்கூடக் குறைந்து ஒலிக்குமே தவிர, ஒலிக்காமல் போவதில்லை. பாதி மாத்திரைக்காவது அதற்கு உரிமை உண்டு. ஒருவரை வீட்டுக்கு அழைத்து, பந்தியில் உட்கார வைத்து, இலையும் போட்டு, சோறு மட்டும் வைக்காமல் எழுப்பி அனுப்புவதற்கு ஆங்கிலம் ஒரு பெயர் வைத்திருக்கிறது, மௌன எழுத்து என்று. மௌனம் அவரவர் தேர்ந்துகொள்வது. இது வேறு.

"அக்கா, ஒரு ஹெல்ப். தப்பா நினைக்க மாட்டீங்கள்ல?" என்கிறாள் பக்கத்திலிருப்பவள். பெயர் ஷெர்லின், தூத்துக்குடி, கான்வென்ட், வயது இருபத்தேழு. உட்கார்ந்த உடனேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், என்னிடமிருந்து எதையும் கேட்காமல். "அது என்ன ஹெல்ப்புங்கிறதைப் பொறுத்தது" என்கிறேன். சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டுகிறாள்: தினம் ஒரு சொல் விளையாட்டு, ஐந்து கட்டம், ஆறு வாய்ப்பு, எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். ஐந்து வாய்ப்பும் போய்விட்டன. "இந்த வருசம் ஆரம்பிச்சதுல இருந்து விடாம ஜெயிக்கேன்கா. இன்னைக்குப் பாத்து அறுந்துச்சுன்னா சகுனம் சரியில்லல்ல." "மாதா கோயில் பிள்ளை சகுனம் பாக்கியா?" "சகுனம் எல்லா மதத்துக்கும் பொதுதானக்கா." இவள் எனக்குப் போட்டி. இவளை வெறுக்க நான் காலையிலிருந்து முயன்று வருகிறேன், இவள் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள். "இந்த போஸ்ட்டுக்கு ஆள் பாத்தாச்சாம்லக்கா? கரஸ்பாண்டன்ட் ஃபாதரோட அண்ணன் மவளாம். வெளிய பேசிக்கிட்டாங்க." "அப்போ நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்களாம்?" "பெஞ்சு காலியா இருக்கக் கூடாதுல்ல" என்கிறாள். வாய்விட்டுச் சிரிக்கிறேன், சிரித்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைக்கிறது. அடுத்த மாதம் எனக்கு நாற்பது. இந்த நிர்வாகத்தின் விதி நாற்பதோடு கதவைச் சாத்துகிறது, மற்ற நிர்வாகங்களின் விதியும் அதுவே. பதினொரு ஆண்டு கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக வேறெங்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கோடை விடுமுறைக்குச் சம்பளமில்லாத கௌரவம், ஜூன் மாதம் மறுபடி கூப்பிடுவார்களா என்று மே மாதம் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கௌரவம். அண்ணன் மகள் என்றால் அண்ணன் மகள். இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு டௌப்டில் பி இருப்பது தெரியுமா? டௌப்ட். எங்கள் ஊரில் நடத்துநரும் டவுட்டு என்பார், மாணவனும் டவுட்டு மேடம் என்பான், எல்லோரும் பிறவியிலேயே சரியாகச் சொல்கிறார்கள். டெப்போவும் அப்படியே, பேருந்து அங்கே போகிறது, கடைசியில் ஒரு டி இருப்பது பேருந்துக்குத் தேவையில்லை. ஒலி காற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும், எழுத்தைத் தேடித்தான் போக வேண்டும். நான் தேடிப் போனவள். இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

"ரெண்டாவது எஸ் பச்சை, கடைசி எம் பச்சை, ஏ மட்டும் மஞ்சளா நிக்குக்கா, எங்க போடுறதுன்னே தெரியல" என்கிறாள் ஷெர்லின். கேட்டு முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பி எஸ் ஏ எல் எம். ப்சால்ம். பட்டம் படிக்கும்போது நூலகத்தில் ஒரு கவிதைக்கு அடிக்குறிப்பாகப் பார்த்தது, விவிலியத்துத் துதிப்பாடல் என்று பொருள், பார்த்த அன்றே ப்-சா-ல்-ம் என்று உள்ளே கட்டி வைத்தேன், இன்றுவரை ஒரு எழுத்து நகரவில்லை. சொல்லலாமா? சொன்னால் இவள் சகுனம் காப்பாற்றப்படும், இவள் தெம்பாக உள்ளே போவாள். சொல்லாமல் இருந்தால் நான் யார்? அதைவிட ஒரு சங்கடம்: எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் ப்சால்ம் என்று வரும், பி ஊமை என்று ஊகிக்கிறேன், எனவே சால்ம், ஆனால் ஊகம்தான், இவளோ மாதா கோயிலில் பிறந்து வளர்ந்தவள். எழுத்துகளாகவே சொல்கிறேன். "பி, எஸ், ஏ, எல், எம்." தட்டுகிறாள். ஐந்து கட்டமும் பச்சையாகத் திரும்புகின்றன. "ஐயோ, சாம்! அக்கா, வாராவாரம் சர்ச்ல சாம் பாடுறவக்கா நானு! பி எப்படி மறந்துச்சு?" "கேட்டவங்களுக்கு மறக்கும். படிச்சவங்களுக்கு மறக்காது" என்கிறேன், கெத்தாக, தலையைக்கூடத் திருப்பாமல். ஆனால் உள்ளே ஒன்று நழுவிவிட்டது. சாம். அப்படியென்றால் எல்-உம் ஊமை. ஐந்து பேர் நிற்கும் வரிசையில் இரண்டு பேர் பிணம். ஒருவரைத்தான் நான் சந்தேகப்பட்டேன், மற்றவரோடு இருபது ஆண்டாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இதுதான் எப்போதும் நடப்பது. சந்தேகப்படும் சொல்லைச் சரிபார்த்துவிடலாம். அகராதியில் குறியீடு இருக்கிறது, கைப்பேசியில் ஒரு பெண் இருக்கிறாள், தொட்டால் சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொள்வாள். சந்தேகமே வராத சொல்லை எதை வைத்துச் சரிபார்ப்பது? தெருவில் எந்தக் கல் புரளும் என்று தெரிந்தால் யார் தடுக்கி விழப்போகிறார்கள்?

ஐஸ்லே. இல்லை, நான் சொன்னது அதுகூட இல்லை, அய்சில். ஏ ஐ எஸ் எல் இ, ஐந்தெழுத்து, தேவாலயத்தில் இருக்கை வரிசைகளுக்கு நடுவே மணப்பெண் நடந்துபோகும் பாதை. மூன்று ஆண்டுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு கல்லூரியில், இதேபோல் ஒரு கதவுக்குப் பின்னால், ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள், நான் நன்றாக வாசித்தேன், மணப்பெண்ணை அய்சிலில் நடக்கவிட்டேன். "மறுபடி அந்த வரியை" என்றார் ஒருவர். குரல் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் உரக்க, இன்னும் தெளிவாக, அய்சில் என்றேன். இப்போதும் காது சுடுவது அந்தத் தெளிவை நினைத்துத்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பண்பாடு உடையவர்கள், பார்த்துக்கொள்ளாமலே சிரித்தார்கள். நன்றி என்றார்கள். நானும் நன்றி என்றேன், கும்பிட்டேன்கூட. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியைத் தொட்டேன், அந்தப் பெண் "ஐல்" என்றாள். ஐல். எஸ்-ஐ முழுசாக விழுங்கிவிட்டாள். திரும்பத் திரும்பத் தொட்டேன், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். அழவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை தள்ளி நின்றுகொள்ளும். அவர்கள் என் ஆங்கிலத்தையா சோதித்தார்கள்? நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டு வானொலி எந்த மொழியில் பாடியது என்பதைச் சோதித்தார்கள். அதற்கு ஒரு முனைவர் பட்டமும் தேவையில்லை, வாசலில் நிற்கும்போதே கேட்டு அனுப்பியிருக்கலாம், பஸ் அலைச்சலாவது மிச்சம். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியது எனக்கு எப்போதும் பேருந்தில்தான் தோன்றுகிறது. சாம். கத்தி நைஃப். கட்டைவிரல் தம். இப்போது பார்க்கும் சொல்லெல்லாம் உதிரத் தொடங்குகின்றன, கண்ணெதிரே அறிவிப்புப் பலகையில் இருக்கும் எளிய சொல்லில்கூட ஒரு பல் ஆடுகிறது போலிருக்கிறது, நான் ஆயிரம் முறை சொன்ன சொல்லில் எந்த எழுத்து செத்துக்கிடக்கிறதோ, மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் எத்தனை முறை சிரித்தார்களோ. நிறுத்து. பேச்சி, நிறுத்து. போன ஆண்டு உன் வகுப்பில் அறுபத்து மூன்று பேர், தமிழ்வழி, ஒருவருக்கும் பல்கலைக்கழகத் தேர்வில் ஆங்கிலத்தில் அரியர் இல்லை. முதல் நாள் தப்பாகச் சொல்ல வைத்தாய், கூரை அதிர வ்ரிஸ்ட், க்னைஃப் என்று கத்தினார்கள். எழுத்து உள்ளே இறங்கிய பிறகு, மறுநாள் சரியாகச் சொல்ல வைத்தாய். ஒரு வாய்க்கு இரண்டு பாடம். அண்ணன் மகளுக்கு இது வருமா என்பது தெரியாது. எனக்கு வரும். அது மட்டும் ஊகமில்லை.

கதவு திறக்கிறது. சிரிக்க வைத்தவன் வெளியே வருகிறான், முகத்தில் இப்போது சிரிப்பில்லை, எங்களைப் பார்க்காமல் படியிறங்குகிறான். அலுவலக உதவியாளர் சூசை தாளைத் தூரத்தில் பிடித்து வாசிக்கிறார்: "யாருங்க இங்க பெச்சியம்மல்?" "அப்படி யாரும் இல்லையே. பேச்சியம்மாள் இருக்கேன்" என்கிறேன். "அதாம்மா. இங்கிலீஷ்ல இப்படித்தான் போட்டிருக்கு." "நீங்க என்ன செய்வீங்க, அதுல நெடில் கிடையாது" என்கிறேன், அவர் தாளைத் திருப்பிப் பார்க்கிறார், நெடில் பின்பக்கம் இருக்கலாம் என்பதுபோல. ஷெர்லின் என் உறையை எடுத்துக் கையில் தருகிறாள். "கலக்குங்கக்கா. உங்களுக்குக் கிடைக்கலேன்னா எனக்குக் கிடைக்கணும்னு வேண்டிக்கிறேன்." இவ்வளவு நேர்மையான வேண்டுதலை எந்தக் கடவுளும் மறுக்க முடியாது. உள்ளே குளிர். நான்கு பேர்: தாளாளர் அருட்தந்தை, முதல்வர், துறைத்தலைவர், நடுவில் வெளியூரிலிருந்து வந்த வல்லுநர், டாக்டர் வில்ஹெல்மினா, வெள்ளைச் சேலை, கழுத்தில் சங்கிலியோடு கண்ணாடி. கேள்விகள் வருகின்றன, பதில்கள் போகின்றன, எல்லாம் ஆங்கிலத்தில், என் வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது, நாவல் பற்றிக் கேட்டதற்கு நான் சொன்னதை முதல்வர் குறித்துக்கொள்கிறார், நன்றாகப் போகிறது, நன்றாகப் போவதுதான் எனக்குப் பயம். "இதைக் கொஞ்சம் வாசியுங்கள்" என்று வில்ஹெல்மினா ஒரு தாளைத் தள்ளுகிறார். அதுதான். துறைமுக நகரம் ஒன்றைப் பற்றிய பத்தி, மழை, படகுகள், விளக்குகள், நாக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, மூன்றாம் வரியில் நிற்கிறேன். க்யூ யூ ஏ ஒய் எஸ். ஐந்தெழுத்து. கப்பல்கள் அணையும் மேடைகள். எத்தனையோ நாவல்களில் இதன்மேல் நடந்திருக்கிறேன், க்வேய்ஸ் என்று. அது க்வேய்ஸ் இல்லை. ஏனென்று தெரியாது, ஆனால் இல்லை. ஒரு கால்மணி நேரத்துக்கு முன் வந்திருந்தால் சந்தேகப்படாமல் தாண்டிப் போயிருப்பேன், இப்போது அந்தச் சொல் என்னை ஏறிட்டுப் பார்க்கிறது, இதில் எத்தனை பேர் பிணம், யார் யார். இருமலாம். தண்ணீர் கேட்கலாம். முணுமுணுத்துக் கடந்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் கடக்கிறார்கள், ஆங்கிலம் என்பதே பாதி முணுமுணுப்பு. உரக்கச் சொல்லலாம், அய்சில் போல. நால்வரும் காத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியது பேருந்தில் வந்து என்ன பயன்?

தாளை மேசைமேல் வைக்கிறேன். "இந்தச் சொல்லின் எழுத்து எனக்குத் தெரியும், பொருளும் தெரியும். இதை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. உங்களில் ஒருவர் சொன்னால் தொடர்ந்து வாசிப்பேன்" என்கிறேன். தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்து, "க்வேஸ் தானே?" என்கிறார். முதல்வர் கணிதத் துறைக்காரர், "கியூவேஸ் என்றுதான் நான் இதுவரை..." என்று தொடங்கி, நிறுத்திக்கொள்கிறார். துறைத்தலைவர் தண்ணீர்க் கோப்பையை மிகுந்த அக்கறையோடு ஆராய்கிறார். "கீஸ்" என்கிறார் வில்ஹெல்மினா, யாரையும் பார்க்காமல். கீஸ். சாவிகள் என்பதைப் போலவே. ஐந்தெழுத்தும் அந்த ஒலியில் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை. "ஆங்கிலம் கற்பிக்க வந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?" "தெரிந்திருக்க வேண்டும், மேடம். யாராவது என் முன்னால் சொல்லியிருக்கவும் வேண்டும். இன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள்." "வகுப்பில் இப்படி நின்றால்?" "கரும்பலகையில் எழுத்தைப் போடுவேன். ஒலி தெரியாது என்பேன். மறுநாள் தெரிந்துகொண்டு வருவேன். தெரிந்ததுபோல் நடிக்க மட்டும் எனக்கு வராது. அந்தப் பாடம் எங்கள் பள்ளியில் இல்லை." தாளாளரின் வாய் ஒரு பக்கம் இழுபடுகிறது, சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது. காது குளிர்ந்தே இருக்கிறது. தாளை எடுக்கிறேன், வரியை முதலிலிருந்து தொடங்குகிறேன், படகுகள் மழையில் அணைகின்றன, கீஸ் என்று சொல்கிறேன், உரக்கச் சொல்கிறேன், கடைசி வரி வரைக்கும் போகிறேன்.

அந்த இடம் பேச்சியம்மாளுக்குக் கிடைத்தது. நால்வரில் மூவர் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்டர் வில்ஹெல்மினா அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அண்ணன் மகள் என்ற ஒருத்தி விண்ணப்பித்திருக்கவே இல்லை. பேச்சியம்மாள் அந்தக் கல்லூரியிலேயே இருந்தாள், ஒன்பது ஆண்டுகளில் துறைத்தலைவர் ஆனாள், பிறகு தேர்வுக் குழுக்களில் அவளே உட்கார்ந்தாள். விண்ணப்பித்தவர்களில் ஒருவரையும் அவள் வாசிக்கச் சொன்னதில்லை, எழுதச் சொன்னாள். ஓர் எழுத்து தவறினாலும் மதிப்பெண்ணைக் குறைத்தாள். அப்படித் தோற்றுப்போனவர்களில் பலர் மிக நன்றாகப் பேசக்கூடியவர்கள். அவர்களுக்காக அவள் வருந்தவில்லை.